போவதற்கு ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

ஜெர்மனிக்குப் போவதா வேண்டாமா என்று நான் முடிவெடுப்பதற்கு முன்பே, நான் போகிறேன் என்பது எங்கள் சபையார் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. காரணம் அம்மா. கல்லூரி மூன்றாம் வருடத்தில் ஒரு செமஸ்டரை அங்கே போய்ப் படிக்க என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் வீட்டில் சொன்னேன். யோசித்துச் சொல்ல மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது என்றும் சொன்னேன். முதல் பாதி மட்டும்தான் அவள் காதில் விழுந்தது.

எங்கள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு முன்னால் ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசிப்பார்கள். பிறந்தநாள், கல்யாண நாள், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வாடகைக்கு வீடு கிடைத்தது என்று ஒவ்வொரு குடும்பமும் நன்றி சொல்ல ஒரு காரணத்தோடு காணிக்கை கொடுத்திருக்கும். சபைச் செயலாளர் அங்கிள் பஸ் கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வதுபோல எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசித்துக்கொண்டு போவார். அந்த வார ஞாயிறன்று அந்தக் குரல், "தங்கள் மகள் மேற்படிப்புக்காக ஜெர்மனி தேசத்துக்குச் செல்லக் கர்த்தர் பாராட்டின கிருபைக்காக ஒரு குடும்பத்தார்" என்றது. பெயர் இல்லாவிட்டாலும் எந்தக் குடும்பம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு செமஸ்டர் மேற்படிப்பாகிவிட்டது. பக்கத்தில் அம்மா பக்தியோடு கண்ணை மூடியிருந்தாள். திறந்திருந்தால் நான் முறைப்பதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

சாயங்காலமே சாமான்கள் வர ஆரம்பித்தன. பின்வீட்டு ஆன்ட்டி ஒரு மங்கி குல்லா கொண்டுவந்தார். இன்னொரு ஆன்ட்டி தன் மகன் லண்டனில் போட்டு நைந்த கோட்டைக் கொடுத்துவிட்டு, "நம்ம பெங்களூர் டிசம்பரையே தாங்கிட்ட, அது இன்னா பெருசு" என்று தைரியம் சொன்னார். ஊறுகாயை எண்ணெய் கசியாமல் எப்படிக் கட்டுவது என்று சபை வாட்ஸப் குழுவில் ஒரு விவாதமே நடந்தது.

"அம்மா, நான் போறேன்னு இன்னும் சொல்லவே இல்ல."

"இத யாராச்சும் வேணாம்பாங்களா?" என்றாள் அம்மா.

நான் வேண்டாம் என்று சொல்லக்கூடிய காரணம் ஒன்று இருந்தது. அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கல்லூரிப் பெண்கள் ஃபுட்பால் டீமில் இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் பைகளுக்குக் காவல் இருந்தவள் நான். சீனியர் கோல் கீப்பர் படிப்பை முடித்துப் போனதும் அந்த இடம் எனக்கு வந்திருந்தது. ஜெர்மனி செமஸ்டர் நடக்கும் அதே மாதங்களில்தான் கல்லூரிகளுக்கான போட்டிகளும். நாங்கள் இருக்கும் ஆஸ்டின் டவுனில் ஃபுட்பால் பேசாத வீடு கிடையாது. ஆனாலும் பெண்பிள்ளை ஜெர்மனியை விட்டுவிட்டு இரண்டு கம்பத்துக்கு நடுவில் போய் நிற்பாள் என்றால் இங்கேயும் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.

பயந்துகொண்டுதான் சாக்குத் தேடுகிறேனா என்று என்னையே பலமுறை கேட்டுப் பார்த்தேன். அப்படித் தோன்றவில்லை. பனி, ரயில், எனக்கே எனக்கென்று ஓர் அறை எல்லாம் நினைக்க நன்றாகவே இருந்தன. ஆனால் எங்கே ஆரம்பித்தாலும் நினைப்பு கடைசியில் கார்னரிலிருந்து வரும் பந்தில்தான் போய் நின்றது. இருக்கும் இடத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை ஒரு காரணம் என்று யாரும் ஒப்புக்கொள்வார்களா என்பதுதான் தெரியவில்லை.

மாதக் கடைசி நெருங்கியபோது, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "நான் போகலம்மா. டீம்ல ஆடப் போறேன்."

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். கன்னடமும் தமிழும் அவருக்கு ஒன்றாகத்தான் வரும். "பேடவா? நெஜமாவே வேணாமா?"

"வேணாம்பா. நல்லா யோசிச்சுட்டேன்."

"பயந்துக்கினு சொல்றியா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. ஆடணும்னு ஆசையா இருக்கு."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி பீன்ஸை எடுத்தாள்.

அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தட்டில் சோறு வந்தது, முட்டைகூட வந்தது, பேச்சுதான் வரவில்லை. என் முடிவில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்ட ஒன்றைப் பிடுங்கிவிட்டேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. குல்லாவையும் கோட்டையும் எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது என்பது தனிக் கவலை.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் அங்கிள் வழக்கம்போல வாசித்துக்கொண்டு வந்தார். ஒரு பிறந்தநாள், ஒரு புது ஸ்கூட்டர். பிறகு, "தங்கள் மகள் ஜெர்மனி தேசத்துக்குச் செல்லாமல்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எங்கள் வரிசையைப் பார்த்தார். அம்மா மேலே வாசிக்கும்படி தலையசைத்தாள். "...தன் படிப்பைக் குறித்துத் தானே யோசித்து முடிவெடுக்கக் கர்த்தர் கொடுத்த தைரியத்துக்காக ஒரு குடும்பத்தார்" என்று முடித்தார்.

முன்வரிசைத் தலைகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. இந்த முறை அம்மா கண்ணை மூடவில்லை.

வெளியே செருப்பு மாட்டும்போது கேட்டேன். "ஏம்மா, நீ கோவமா இருக்கன்னுல்ல நெனச்சேன்."

"கோவம் இருந்துச்சு, ரெண்டு நாளு" என்றாள். "அப்புறம் யோசிச்சேன். படிப்ப நிறுத்துனது, கல்யாணம், எல்லாமே எனக்கு எங்க அண்ணனுங்கதான் முடிவு பண்ணாங்க. எனக்கு இது வேணும், அது வேணாம்னு வாயத் தொறந்து நான் ஒருநாளும் சொன்னதில்ல. நான் பீன்ஸ் அரிஞ்சு முடிக்கறதுக்குள்ள நீ சொல்லிட்ட."