கடைசி ஆள் வரும்வரை நகரக் கூடாது

மலைப்பாதையில் சைக்கிள் சுற்றுலா வருகிறவர்களுக்கெல்லாம் அவள் கடைசியக்காதான். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைக் கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. கூட்டத்தின் முன்னால் வழிகாட்டிப் போவது அவளுடைய தம்பி. எல்லோருக்கும் பின்னால் மிதித்து வருவது அவள். நடுவில் பயணிகள். முட்டி வலிக்கிறவர்கள், மரத்துக்கு மரம் நின்று போட்டோ எடுக்கிறவர்கள், "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று கேட்டே உயிரை வாங்குகிறவர்கள்.

ஒரு காலத்தில் வெட்டின மரத்தை இறக்கப் போட்ட பாதை அது. இப்போது மோட்டார் வண்டி எதுவும் அங்கே நுழைய முடியாது. வனக்காவலரின் ஜீப்புகூடக் கீழே ஓடையோரத்துச் சாலையோடு சரி. ஹாரன் கிடையாது, புகை கிடையாது. இருபுறமும் பைன் மரங்கள் நெடுநெடுவென்று நிற்கும். உதிர்ந்த இலைகள் பாதையை மூடிக் கிடப்பதால் பின்னால் ஆள் வந்தாலும் சத்தம் வராது, திரும்பித்தான் பார்க்க வேண்டும்.

பாதை பிரிகிற இடமெல்லாம் தம்பி ஒரு பயணியை நிறுத்திவிட்டுப் போவான். வருகிறவர்களுக்குக் கைகாட்டிவிடுவது அவர் வேலை. கடைசியக்கா வந்து, "நான் வந்துட்டேன், நீங்க கிளம்புங்க" என்று சொல்லும்வரை அவர் இடத்தை விட்டு அசையக் கூடாது. அவள் சொன்னால், அவருக்குப் பின்னால் இனி யாரும் இல்லை என்று அர்த்தம். இந்த ஒரு ஏற்பாட்டால்தான் இத்தனை வருஷத்தில் ஒருவரும் காட்டில் தொலையவில்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அவள் புருஷன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவர். பரம சாது. வங்கியில், "கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்று சொன்னால், சொன்னவன் சாப்பிட்டுவிட்டு வரும்வரை அந்த ஓரத்திலேயே நிற்பார். "உங்களை நிக்க வெச்சுட்டு ஊரே காலி பண்ணிட்டுப் போயிடலாம்" என்று அவள் கேலி செய்வாள். அவரும் சிரிப்பார். நெஞ்சில் சளி கட்டுகிற உடம்பு. குளிர் காற்று பட்டாலே இழுக்கும். அதனால் மலைக்கு வந்ததே இல்லை. ஒரே ஒரு தடவை வந்தார். கல்யாண நாள் என்று பிடிவாதம் பிடித்து வந்தார்.

கிளம்பும்போதே அவள் தம்பியிடம் சொன்னாள்: "மாமாவை உன்கூடவே வெச்சுக்கோ. எங்கேயும் நிறுத்திடாத." அவனும் தலையாட்டினான். ஆனால் மேலே பாதை மூன்றாகப் பிரிகிற முச்சந்திக்கு வந்ததும் அவரே கெஞ்சியிருக்கிறார். "ஒரே ஒரு தடவை நானும் நிக்கிறேன் மாப்பிள்ளை. உங்கக்கா வந்து என்னைக் கிளம்பச் சொல்லட்டும். வீட்டுலதான் தினமும் சொல்றா, இங்கயும் கேக்கலாமே." தம்பி சிரித்துவிட்டு, அவரை நிறுத்திவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகுதான் மழை பிடித்தது. பின்னால் ஒரு பெண் பயணி வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கடைசியக்கா அவளைக் கைத்தாங்கலாகச் சரிவில் இறக்கி ஓடையோரத்துக்குக் கூட்டிப் போனாள். நல்லவேளையாக ஜீப் வந்தது. கீழ்ச்சாலை நேரே விடுதிக்குப் போகிறது. முச்சந்தி அந்த வழியில் இல்லை.

ஏறும்போதே அவளுக்கு நினைப்பு வந்தது. "மேல முச்சந்தியில யாராவது நிப்பாங்களே" என்று வாய்விட்டுச் சொன்னாள். காவலர், "நான் இந்தம்மாவைப் பாத்துக்கிறேன், நீங்க வேணா மேல போங்க" என்றார். அவள் மழையைப் பார்த்தாள். "இருக்கட்டும், இளவட்டம் யாராச்சும்தான் இருக்கும். கொஞ்சம் நனைஞ்சா கரைஞ்சுடவா போறாங்க? போய் ஆள் அனுப்பிக்கலாம்" என்று சொல்லி ஏறிக்கொண்டாள். விடுதிக்குப் போனதும் டாக்டரைக் கூப்பிடுவதும், வலியில் அலறுகிறவளைச் சமாதானப்படுத்துவதுமாக முச்சந்தி மறந்தே போயிற்று.

டீ குடித்து முடித்துத்தான் தம்பி உள்ளே எட்டிப்பார்த்தான். "மாமா எங்கேக்கா? ஈரம் மாத்தப் போயிட்டாரா?"

"உன்கூடத்தானே அனுப்பினேன்?"

அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இருவரும் கிடைத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு உயிரைக் கொடுத்து மிதித்தார்கள்.

அவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பெரிய மரம் இருந்தது. அதன் அடியில்கூட ஒதுங்கவில்லை. ஒதுங்கினால் வருகிறவளுக்குத் தெரியாமல் போய்விடும் என்று பயந்தாராம். உதடு நீலம் பூத்திருந்தது. கண்ணாடியைத் துடைக்கப் பார்த்து, விரல் விறைத்து முடியாமல், அவளைப் பார்த்துச் சிரித்தார். "வந்துட்டியா? சொல்லும்மா, சொன்னாத்தானே நான் கிளம்ப முடியும்?" அவளுக்கு அழுகைதான் வந்தது, வார்த்தை வரவில்லை. அன்று பிடித்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. அவர் பிழைக்கவில்லை.

"ஏன்டா அவரை நிக்க வெச்ச?" என்று எல்லோர் முன்னாலும் தம்பியைக் கேட்டாள். அதுதான் அவனிடம் அவள் கடைசியாகப் பேசியது. அவன் பதில் சொல்லவில்லை. ஜீப்பில் ஏறினபோது சொன்னதை அவளும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

வேலையை இருவரும் விடவில்லை. விட்டால் சோற்றுக்கு என்ன செய்வது? அவன் முன்னால், அவள் கடைசியில். முகம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை. விடுதியில் ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு சமையல்காரர் மூலம் பேசிக்கொண்டார்கள். "அக்கா ட்யூப் இருக்கான்னு கேக்கறாங்க." "இருக்குன்னு சொல்லுங்க." இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அந்த மனுஷனுக்குச் சாப்பாடே இறங்காது. முச்சந்தியில் தம்பி அம்புக்குறிப் பலகை ஒன்று அடித்து வைத்தான். அங்கே யாரையும் நிறுத்துவதில்லை.

வருஷங்கள் போயின. போன மழைக்காலத்தில் ஒருநாள், ஒரு பயணியின் பஞ்சரை ஒட்டி அனுப்பிவிட்டு அவள் வெகுநேரம் தாமதமாக முச்சந்திக்கு வந்தாள். தூறல் நின்றபாடில்லை. அங்கே பலகையைக் காணோம், காற்றில் விழுந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் தம்பி நின்றுகொண்டிருந்தான். முன்னால் போகிற வேலையைப் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, தானே நின்றிருந்தான். நரைத்த தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவள் நிற்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அவனைத் தாண்டி மிதித்தாள். வளைவு வரை போய், மனசு கேட்காமல் திரும்பிப் பார்த்தாள். அவன் நின்ற இடத்திலேயே நின்றான். கடைசி ஆளே தாண்டிப் போன பிறகு, அவனைக் கிளம்பச் சொல்ல இனி யாரும் வரப்போவதில்லை. அவள் புருஷனும் அன்று இப்படித்தான் நின்றிருப்பார். அந்த எண்ணம் வந்ததும் அவளால் மிதிக்க முடியவில்லை.

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தாள். அவன் எதிரில் வந்து இறங்கினாள்.

"வராம போனது நான்டா. முச்சந்தியில ஆள் நிக்கும்னு தெரிஞ்சேதான் அன்னிக்கு ஜீப்புல ஏறினேன். கரைஞ்சுடவா போறாங்கன்னு சொன்னேன்."

"தெரியும்க்கா."

"யாரு சொன்னா?"

"காவலர் அப்பவே சொல்லிட்டாரு. மாமா ஆஸ்பத்திரியில இருக்கும்போதே."

அவள் அவனையே பார்த்தாள். "அப்புறம் ஏன்டா வாயை மூடிக்கிட்டு இருந்த? இத்தனை வருஷமா என்னை..."

"நிக்க வெச்சது நான்தானே" என்றான் அவன். "நீ என்னைத் திட்டிக்கிட்டாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன். உன்னை நீயே திட்ட ஆரம்பிச்சா நீ தாங்கமாட்டக்கா."

மழையில் யார் அழுகிறார்கள் என்று தெரியவில்லை. இரண்டு பேருமே அழுதிருக்கலாம். அவள் கழுத்தில் கிடந்த துண்டால் அவன் தலையைத் துவட்டினாள். துண்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்ததால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவன் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றான், இன்னும் ஓர் அடிகூட நகரவில்லை.

அவருக்குச் சொல்லாமல் விட்டதை அவள் தம்பிக்குச் சொன்னாள்.

"நான் வந்துட்டேன். நீ கிளம்பு."