வலது சக்கரத்தில் வைத்த பொட்டு

திண்டிவனத்தில் டிப்ளமோ படித்தபோது நானும் என் வகுப்புத் தோழியும் சேர்ந்து ஒரு ரோபோ வண்டி செய்தோம். நான் விழுப்புரம், அவள் கோலியனூர். சக்கரமும் மோட்டாரும் என் பொறுப்பு, வயரிங் அவளுடையது. ஸ்டியரிங் இல்லாத வண்டி எப்படித் திரும்பும் என்பதே எனக்குப் பெரிய குழப்பம். பின்னால் இரண்டு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். முன்னால் ஆபீஸ் நாற்காலியில் இருப்பதுபோல் தன்னிஷ்டத்துக்குச் சுழலும் ஒரு குட்டிச் சக்கரம். வலது சக்கரம் வேகமெடுத்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும் என்று அவள் மூன்று முறை விளக்கினாள். மூன்று முறையும் புரிந்ததுபோல் தலையாட்டினேன்.

நேராக ஓடிக்கொண்டிருந்த வண்டி, பூஜை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் இடப்பக்கமாக வட்டமடித்தது. டயர்களை இடம் மாற்றினேன். அப்போதும் இடப்பக்கம்தான். முன்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன், இன்னும் அழகாகச் சுற்றியது. ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்காவிட்டால் கோபம் வரும்.

"வயரை மாத்திக் குத்திக்கினு என் உயிரை வாங்குறியே! ரெண்டு பேருக்கும் சேத்து பேஜாரு பண்ணிட்ட" என்று வகுப்பே பார்க்கக் கத்தினேன்.

அவள் வயர்களைப் பிரித்து மறுபடி இணைத்தாள். இரண்டாம் முறையும் பிரித்தாள். வண்டி மசியவில்லை. மறுநாள் ரிவ்யூ. அதில் தேறாவிட்டால் ப்ராஜெக்ட் தள்ளுபடி. மத்தியானம் எங்கள் ஆசிரியரிடம் போய், "தப்பு என்னுதுதான் சார். என் பேரை எடுத்துடுங்க, அவன் மட்டும் காட்டட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

அது என் காதுக்கு வந்ததும் லேபுக்கு ஓடினேன். வண்டியைக் கவிழ்த்து போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சக்கரத்தின் உட்புறம் துளைகள் போட்ட வில்லை ஒன்று இருக்கும். துளை வழியே போகும் ஒளியை எண்ணித்தான் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று வண்டி தெரிந்துகொள்ளும். வலப்பக்க வில்லையில் பாதித் துளைகள் அடைந்திருந்தன. சந்தனம், மேலே குங்குமம்!

ஆயுத பூஜைக்கு லேபில் இருந்த எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்தவன் நான். லேத்துக்கு ஒன்று, கிரைண்டருக்கு ஒன்று. நம் வண்டியாயிற்றே என்று வலது சக்கரத்துக்கு மட்டும் உள்பக்கம் வரை தாராளமாக அப்பியிருக்கிறேன். வலது சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது என்று நினைத்து வண்டி அதையே மேலும் மேலும் விரட்டியிருக்கிறது. துடைத்துவிட்டுத் தரையில் விட்டேன். நேராகப் போனது.

ஆசிரியர் அறை வாசலில் நின்றவளிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது.

"அப்ப நான் போட்ட வயரிங் சரிதானா?" என்றாள்.

"சரிதான்."

"மொத தடவ போட்டதேயா?"

"மொத தடவ போட்டதேதான்."

வகுப்பே பார்க்க நான் கத்தியபோதும் அழாதவள் அப்போதுதான் அழுதாள்.