மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்ட ஒப்பாரி

என் கணவரின் அண்ணன் பாரிசிலிருந்து வந்திறங்கிய கோடையில் எங்கள் வீட்டுக் கூடம் எங்களுடையதாக இல்லை. எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அவர் கொண்டு வந்த ஒலிபெருக்கிகள் இரண்டும் என் தோள் உயரம். அவற்றுக்கு இடம்விட்டுச் சாப்பாட்டு மேசை கொல்லைத் தாழ்வாரத்துக்குப் போனது. மாதா படம் மட்டும் எப்படியோ சுவரில் தப்பித்தது.

கூடவே ஓர் இசைத்தட்டும் வந்திருந்தது. வயதான சினிமாப் பாடகி ஒருவர் கிராமத்துப் பாட்டுகளைப் பாடி, எழுபதுகளின் தொடக்கத்தில் வெளியான தட்டு. தாலாட்டு, நடவுப் பாட்டு, தோணிப் பாட்டு, கடைசியில் ஓர் ஒப்பாரி. கல்யாணத்துக்கு முன் எங்கள் அப்பா வீட்டில் அதே தட்டு கீறல் விழுந்து கிடந்தது. அதோடு சேர்ந்து பாடிக்கொண்டே துணி மடித்திருக்கிறேன். இவர் கொண்டு வந்தது புதுப் பதிப்பு. அசல் ஒலிநாடாவிலிருந்து திரும்ப எடுத்து, தட்டைக் கனமாக வார்த்து, உயர்ந்த கருவி வைத்திருக்கிறவர்களுக்கென்றே பிரான்சில் போட்டது. விரல் படக்கூடாது. வெல்வெட் பிரஷ்ஷால் துடைத்த பிறகுதான் ஊசி இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து விருந்தாளிகள் நால்வர் வந்தார்கள். எல்லோரும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்கள்; ஒருவரையொருவர் பிரெஞ்சு மரியாதையில் 'முசியே' என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று விடிந்த கொஞ்ச நேரத்தில்தான் அடுத்த வீட்டு சைக்கிள் கடைக்காரர் மாரடைப்பில் இறந்திருந்தார்.

"இன்னைக்கு வேணாண்ணே, பக்கத்துல துக்க வீடு" என்றார் என் கணவர்.

"வந்தவங்கள எழுந்து போவச் சொல்றதா? சன்னல சாத்து, போதும்."

சன்னல்களைச் சாத்தினோம். மின்விசிறி இரைகிறது என்று அதையும் நிறுத்தச் சொன்னார் அண்ணன். சித்திரை வெயில். நால்வரின் வியர்வையும் சென்ட்டும், நான் வறுத்து வைத்த வஞ்சிரத்தின் எண்ணெய் வாடையும் சேர்ந்து கூடம் நாறியது. அவர் நேராக ஒப்பாரியைப் போட்டார்.

"முசியே, கண்ண மூடிக் கேளுங்க. இந்த எடத்துல எச்சில் முழுங்குறாங்க பாருங்க. பழைய தட்டுல இதெல்லாம் கேக்காது."

கேட்டது. ஈர உதடு பிரியும் சத்தம், மூச்சு இழுக்கும் சத்தம், யாரோ என் காதில் வாயை வைத்த மாதிரி. புருஷனைப் பறிகொடுத்தவள் பாடும் பாட்டு அது. விருந்தாளிகள் தலையை ஆட்டினார்கள். ஒருவர் அந்த விழுங்கலை மறுபடி போடச் சொன்னார். நான் முந்தானையால் காதைத் துடைத்துக்கொண்டேன். அன்றோடு அந்தப் பாட்டு எனக்கு விட்டுப்போனது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூட்டமாகக் குரலெடுத்தார்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்துசேர்ந்திருக்க வேண்டும். அவர் ஊசியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"போயி கொஞ்ச நேரம் மெதுவா அழச் சொல்லும்மா. இந்தப் பாட்டு முடியறவரைக்கும்தான்."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, காத்திருந்தார். விருந்தாளிகளில் ஒருவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். என் கணவர் தரையைப் பார்த்தார்.

போனேன், அதைச் சொல்வதற்கல்ல. இறந்தவரின் மனைவி என்னைக் கண்டதும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, நேத்து ராத்திரிகூட நல்லா சிரிச்சிப் பேசிக்கிட்டிருந்தாரே" என்றாள். பாதி வார்த்தை விளங்கவில்லை. அவள் மூக்குச் சளி என் தோளில் வழிந்தது. அது எனக்கு அருவருப்பாகவே இல்லை. சாயங்காலம் எடுத்துப் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

குளித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது விருந்தாளிகள் போயிருந்தார்கள். தின்ற தட்டுகள் முள்ளோடு அப்படியே கிடந்தன.

"சொல்லவே இல்லையா நீ?" என்றார் அண்ணன்.

"இல்லீங்க. நீங்களே போயிருக்கலாம். அங்கயும் எச்சில் முழுங்குறது நல்லாத்தான் கேட்டுச்சு."

அவர் முகம் சிவந்தது. "உன் பொண்டாட்டிக்கு வாய் நீளம்" என்றார் தம்பியிடம். தம்பி அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எனக்கு இன்னும் கசக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு சிலர் வந்தார்கள். நான் யாருக்கும் மீன் வறுக்கவில்லை. காலையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு துக்க வீட்டுக்குப் போய்விட்டேன். விருந்தாளிகளுக்கு என் கணவர் கடையிலிருந்து மிக்சர் வாங்கிப் போட்டாராம். மெல்லுகிற சத்தம் பாட்டைக் கெடுக்கிறது என்று அண்ணன் பொட்டலத்தைப் பிடுங்கி வைத்துவிட்டாராம்.