டொமினிக்கைப் பார்க்க வந்தவர்கள்

வளர்ந்த பூனையைத் தத்துக் குடுக்கிற வேலைன்னா, முதல்ல பூனையைச் சந்தேகப்படணும், அப்புறம் அதைக் கொண்டு வந்தவரை, அதுக்கப்புறம் கொண்டு போக வந்தவரை.

பிரிஞ்சாங்னு ஒரு மலை ஊர்ல, பிராணி கிளினிக்ல முன் மேசைல உக்காந்திருக்கிறவ நான். ஊசி போடுறது டாக்டர் பாடு. வச்சு வளக்க முடியாதவங்க விட்டுட்டுப் போற பூனைக்கு வீடு தேடுறது என் தலையில விழுந்த பாடு. நீங்களும் எப்பவாவது ஒரு பெரிய பூனையைக் கையில வச்சுக்கிட்டு ஆள் தேடி அலைஞ்சிருந்தா, நான் ஏன் இப்படி ஆயிட்டேன்னு உங்களுக்கு விளக்கவே தேவையில்ல. டொமினிக் கதையை மட்டும் சொல்றேன், கேளுங்க.

குறையே இல்லாத பூனை

அந்தோணி அண்ணன் தேயிலை ஃபேக்டரில டிரையர் மெஷின் பாக்கிறவர். கொழுந்தெல்லாம் காஞ்சு கறுத்துத் தூளாகிற அந்தச் சூடான ரூம்லதான் அவர் காலம் போச்சு. அறுபது வயசாச்சு, இந்த மாசத்தோட வேலை முடியுது. வேலை முடிஞ்சா எஸ்டேட் குடுத்த லைன் வீட்டையும் விடணும், அதுதான் எஸ்டேட் சட்டம். மாசக் கடைசில ஈப்போவுல மகளோட ஃபிளாட்டுக்குப் போறார். அங்க பூனை வைக்க விட மாட்டாங்களாம். அதான் சாம்பல் கலர்ல, நெஞ்சு மட்டும் வெள்ளையா ஒரு கடுவனைத் தூக்கிக்கிட்டு வந்தார். பேரு டொமினிக்.

நான் வாயைத் திறந்து பல்லைப் பாத்தேன். ஈறு சிவப்பா, நல்லாத்தான் இருந்துச்சு. கண்ணுல பீளை இல்ல, மூச்சுல இரைச்சல் இல்ல, காயடிச்சும் ஆச்சு. சரி, பாயில மூத்திரம் போகுமா? இல்ல. நகத்தால கீறுமா? இல்ல. சோறு திருடுமா? அதுவும் இல்ல. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. குறையே இல்லாத பூனையை நான் இந்த மலையில பாத்ததே இல்ல, மனுஷனை விடுங்க. திருப்பித் திருப்பி வேற வேற மாதிரி கேட்டுப் பாத்தேன். மனுஷன் நெத்தி வேர்வையைத் துடைச்சுக்கிட்டு, பூனையையும் தூக்கிக்கிட்டு எந்திரிச்சிட்டார்.

"என் பொண்ணைக் கட்டிக் குடுக்கிறப்போகூட மாப்பிள்ளை வீட்டுல இவ்வளவு கேக்கலம்மா."

சூட்டுல பாத்த குணம்

பூனையோட குணத்தை அது பழகுன இடத்துல பாக்கணும்னு எனக்கு யாரோ சொல்லிக் குடுத்திருந்தாங்க. ஃபேக்டரிக்கே போனேன். டிரையர் பக்கத்துல, சுடு காத்துக் குழாய்க்குக் கீழ டொமினிக் படுத்திருந்துச்சு. தூக்குனேன், துவைச்ச துணி மாதிரி தொங்குச்சு. வாலைப் பிடிச்சேன், கண்ணைக்கூடத் திறக்கல. வயித்தைத் தடவுனேன், உறுமலே வரல. இப்படி ஒரு சாதுவான்னு அசந்துட்டேன்.

ஊருக்குள்ள சின்னதா ஹோம்ஸ்டே நடத்துற ரேணுகா, வர்ற டூரிஸ்ட்டுங்க மடியில வச்சு போட்டோ எடுக்க ஒரு பூனை கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் அடிச்சுச் சொன்னேன், இதை விடச் சாது கிடைக்காதுன்னு. பாத்துட்டு முடிவு பண்ணுங்கன்னு குடுத்தனுப்புனேன். அவங்க ஹால்ல பனி ஜன்னல் வழியா உள்ளயே வந்துரும். சூடு போனதும் டொமினிக்குக்கு உயிர் வந்துருச்சு. நேரா ஃபிரிட்ஜுக்குப் பின்னால போய், அந்தச் சூட்டுல ஒட்டிக்கிட்டு, வெளிய வர மாட்டேன்னுருச்சு. கை விட்டு இழுத்தா வரி வரியாக் கீறல். அட, அது சாது இல்லீங்க, சூட்டுல கிறங்கிக் கிடந்திருக்கு! பழகுன இடத்துல பாத்தது போதாது, போற இடத்துலயும் வச்சுப் பாத்திருக்கணும். ரேணுகா கையில பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டுக் கூண்டைக் கொண்டு வந்து மேசை மேல வச்சாங்க.

"காட்டுனது ஒரு பூனை, குடுத்தது ஒரு பூனையா, அக்கா?"

எலி பிடிக்குமா

திரிங்காப்ல கோபிஸ், அதான் முட்டைக்கோஸ், தோட்டம் வச்சிருக்கிற குமரேசன் ஆர்வமா வந்தார். எடுத்த எடுப்புல, எலி பிடிக்குமான்னுதான் கேட்டார். பூனை எங்க தூங்கும், யார் சோறு வைப்பாங்க, ஒண்ணும் கேக்கல. எனக்கு மூக்குல வேர்த்துச்சு. பூனையைக் கூண்டுலயே வச்சுக்கிட்டு, முதல்ல இடத்தைப் பாக்கணும்னு அவர் லோரிலயே ஏறிப் போனேன்.

ஸ்டோர்ல கோபிஸ் கூடை மலை மாதிரி அடுக்கியிருந்துச்சு. நல்ல இடந்தான், காத்து அடிக்கல, பூனை படுக்கச் சாக்குகூட போட்டு வச்சிருந்தார். மனசு கொஞ்சம் இளகுன நேரத்துல கூடைக்கு அடியில பாக்கிறேன், மூலைக்கு மூலை ரோஸ் கலர்ல கட்டி கட்டியா எலி மருந்து. மருந்து தின்ன எலியைப் பூனை தின்னா பூனைக்கும் அதே கதிதானேன்னு கத்திட்டேன். அந்த ஆளுக்கு நான் ஏன் கத்துறேன்னே புரியல.

"பாதி எலியைப் பூனை பாத்துக்கும், மிச்சத்தை மருந்து பாத்துக்கும், அவ்வளவுதான்லா."

ஈரத் தாள்

மாசம் தேஞ்சுக்கிட்டே போச்சு. அந்தோணி அண்ணன் தினமும் போன் போடுவார். ஆள் கிடைச்சதான்னு கேக்க மாட்டார், டொமினிக் சாப்பிட்டானான்னு கேப்பார். ஆள் கிடைக்கலன்னா அது கிளினிக் கூண்டுலயே கிடக்கணும். பெரிய பூனை கூண்டுல கிடந்தா யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அப்பத்தான் லெட்சுமி வந்தா. பிரிஞ்சாங்ல பூக்கடை, மூணு வயசுப் பிள்ளை, நல்ல சூடான கடைவீடு. இதுதான் இடம்னு எனக்கே பட்டுச்சு. ஆனா பிள்ளை இருக்கிற வீடாச்சே, தெள்ளுப்பூச்சி இருக்கான்னு பாத்துருவோம்னு சீப்பை எடுத்தேன். பூச்சி கண்ணுக்குச் சிக்காது. அதோட எச்சம் மட்டும் கறுப்புத் தூளா மயிர்ல இருக்கும். அதைச் சீவி ஈரமான வெள்ளைத் தாள்ல கொட்டுனா, வெறும் அழுக்குன்னா கறுப்பாவே கிடக்கும், பூச்சி எச்சம்னா செம்பழுப்பாக் கரையும். குடிச்ச ரத்தம் அது. டொமினிக்கைச் சீவுனேன். கறுப்புத் தூள் கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. தாள்ல பட்டதும் செம்பழுப்பா ஊறுச்சு பாருங்க.

லெட்சுமியை அப்புறம் வான்னு அனுப்பிட்டு, அந்தோணி அண்ணனுக்குப் போன் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்குனேன். "இவ்வளவு பூச்சியை வச்சுக்கிட்டுக் குறையே இல்லன்னு எப்படிண்ணே வாய் கூசாமச் சொன்னீங்க?" பாவம், மனுஷன் டொமினிக் சாப்பிட்டானான்னு மட்டும் கேட்டுட்டு வச்சிட்டார். டாக்டர்கிட்டச் சொல்லிக் கழுத்துல மருந்து விட்டோம். சில நாள் கழிச்சுச் சீவுனா அதே செம்பழுப்பு. தாளைக் கையில வச்சுக்கிட்டு முழிச்சிக்கிட்டு இருக்கேன், லெட்சுமி உள்ள வர்றா. இடுப்புல கூடை, கூடைக்குள்ள ஒரு குட்டிப் பூனை. நான் இழுத்தடிச்ச நேரத்துல அவ வீட்டுக்காரர் எங்கிருந்தோ கொண்டு வந்துட்டாராம், ஊசி போடணுமாம். என் முகம் போன போக்கைப் பாத்துட்டுத் தாளை வாங்கிப் பாத்தா, மோந்து பாத்தா.

"அக்கா, இது தேத்தூள், கொஞ்சம் பால் ஊத்துனா குடிச்சிரலாம் போலயே."

சாவி கைமாறுன அன்னிக்கு

மாசக் கடைசி வந்திருச்சு. சாமான் ஏத்த லோரி வந்து லைன்ல நின்னுச்சு. அந்தோணி அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, ஒரு தடவை பாத்துக்கிறட்டுமேன்னு டொமினிக்கையும் கூண்டோட கொண்டு போயிருந்தேன். திறந்து விட்டதும் அது நேரா அடுப்பங்கரைக்குப் போய், அது எப்பவும் படுக்கிற இடத்துல சுருண்டுக்கிச்சு. அண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார். லெட்சுமி வீடுன்னு கிடைச்ச நல்ல இடத்தைக் கெடுத்தது நான்தானே.

சாவி வாங்க வந்தது பிஷ்ணு. நேப்பாளத்துக்காரன். கொழுந்து வெட்ட வந்து, லைன்ல இருந்து இருந்து தமிழ் கத்துக்கிட்டவன். இனிமே டிரையர் அவன் பொறுப்பு, வீடும் அவனுக்கு. பூனையைப் பாத்ததும் குந்தி உக்காந்தான். தொடல. கையை மட்டும் நீட்டி வச்சுக்கிட்டு, அது வந்து மோந்து பாக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் கேக்க ஆரம்பிச்சான். என்ன சாப்பிடும்? ராத்திரி வெளிய போகுமா? எதுக்குப் பயப்படும்?

கடைசிக் கேள்வியை இத்தனை பேர்ல ஒருத்தர் கேக்கல, நானும் கேக்கல. அந்தோணி அண்ணன் தரையைப் பாத்தார். "சங்குக்குப் பயப்படும் தம்பி. காலைல ஃபேக்டரி சங்கு ஊதுனா பாயிலயே மூத்திரம் போயிரும்." பிடிச்சேன் பாத்தீங்களா! குறையே இல்லன்னாரே! அவர் என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "சொன்னா யாரும் எடுக்க மாட்டாங்கன்னு பயம்மா." பிஷ்ணு மட்டும் சிரிச்சான். சங்கு ஊதுனா எனக்கும் வயித்தைக் கலக்கும், பாயை மாத்திட்டாப் போச்சுன்னான்.

எனக்குத்தான் சந்தேகம் விடல. தூரத்து ஆளு, வேலை பெர்மிட்டு முடிஞ்சா ஊருக்குப் போயிருவான். அப்போ இதே கூண்டு, இதே நான். அதை முகத்துக்கு நேராவே கேட்டேன். அவன் கோவிச்சுக்கல. கையில இருந்த சாவியைப் பாத்தான், அந்தோணி அண்ணனைப் பாத்தான்.

"ஆமா அக்கா, நானும் ஒரு நாள் காலி பண்ணணும், அன்னிக்கு இந்த வீட்டுக்கு வர்றவனையும் நீங்க இப்படியே வந்து கேளுங்க."

டொமினிக்கை அடுப்பங்கரையிலயே விட்டுட்டு, காலிக் கூண்டைத் தூக்கிக்கிட்டு இறங்குனேன். இத்தனை பேரைச் சந்தேகப்பட்டு, இத்தனை மேடு பள்ளம் ஏறி இறங்கி நான் கண்டுபிடிச்சது என்னன்னா, எஸ்டேட்டுல வீட்டை விட்டுப் போகணும்கிற சட்டமெல்லாம் மனுஷனுக்குத்தான், பூனைக்கு இல்ல.