மணப்பாட்டுக்குக் கொண்டுபோன சேதி

தூத்துக்குடியில் காலை ஏழு மணிக்குத் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றரை ரூபாய். அங்கே இறங்கி வேறு பஸ் பிடித்தால் மணப்பாடு இன்னும் பதினெட்டு கிலோமீட்டர். எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம் அது. எனக்குச் சொந்த ஊர் கயத்தாறு. வேலை, வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் இருந்த நம் தூதரகத்தில், எழுத்தராக. விடுப்பில் வந்தால் அலுவலக நினைப்பையே தொடமாட்டேன். இந்த ஒரு பயணம் மட்டும் அப்படி அமையவில்லை.

மணப்பாட்டைச் சேர்ந்த சூசை சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். எங்கள் துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது இரும்புக் கம்பி அறுந்து அவருடைய இடது காலைக் கொண்டுபோய்விட்டது. கப்பல் அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் புறப்பட்டது. பாஸ்போர்ட்டும் அதோடு போயிற்று. கப்பல்காரர்களுக்கு அந்த நாட்டில் விசா கிடையாது, கரையில் இறங்கத் தற்காலிக அனுமதிதான். நாங்கள் கேட்டுக்கொண்டதால் அதை இன்னும் கொஞ்ச நாள் நீட்டியிருந்தார்கள். அதற்குள் அவர் கிளம்பியாக வேண்டும். ஒருவழிப் பயணத்துக்கான அவசரச் சான்றிதழும் அரசுச் செலவில் விமானச் சீட்டும் தருவதாகச் சொன்னோம். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"கெடு தாண்டினா போலீஸ் பிடிச்சு லாக்கப்புல போடும். மாசக்கணக்கில் கிடந்த பிறகு எப்படியும் ஊருக்குத்தான் அனுப்பும்" என்றேன்.

"அனுப்பட்டும். ஒத்தக் காலோட அவ முன்னால நானாப் போயி நிக்க மாட்டேன்."

விபத்துக்குப் பிறகு அவர் மனைவிக்கு எழுதவே இல்லை. நான் ஊருக்குப் போவது தெரிந்தபோது மட்டும், "ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க சார். கால் விசயத்தை நீங்களே சொல்லிருங்க" என்றார்.

உப்பளங்கள் கடந்தன. தாமிரபரணிப் பாலம் தாண்டியதும் வாழைத் தோட்டங்கள். ஆறுமுகநேரியில் ஏறிய மளிகைக்கடைக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து என் பையை நோட்டம்விட்டார்.

"அண்ணாச்சி வெளிநாடோ?"

தூதரக வேலை என்று சொன்னது தப்பாகப் போயிற்று.

"எம் மச்சினன் ஒருத்தன் சும்மா திரியுதான். ஒரு விசா எடுத்துக் குடுங்களேன்."

"அந்த நாட்டு விசாவை அந்த நாட்டுக்காரங்கதான் குடுக்கணும் அண்ணாச்சி. அங்க இருக்கிற நம்மாளுக்கு ஒண்ணுன்னா உதவத்தான் நாங்க."

"குடுக்க மனசில்லைன்னு சொல்லுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இறங்கும்போது மனம் கேளாமல், தன் பையிலிருந்து இரண்டு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

திருச்செந்தூரில் டீ குடித்துவிட்டு அடுத்த பஸ் ஏறினேன். குலசேகரப்பட்டினம் வரை இருபுறமும் பனை. மணப்பாட்டில் இறங்கியபோது பத்தரை மணி. கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மணல் குன்று, அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயில், கீழே வெள்ளை வீடுகள். வலை உலர்த்திக்கொண்டிருந்தவரிடம் சூசை வீட்டைக் கேட்டேன்.

"அந்தா, மீன் காயப்போடுதாளே, அவதான் சூசை பொண்டாட்டி விக்டோரியா."

நாற்பது வயது இருக்கும். தூதரகத்திலிருந்து வருகிறேன் என்றதும் கருவாட்டைப் புரட்டுவதை நிறுத்தினார்.

"அவிய அனுப்புனாவளா?"

"ஆமாம்மா."

"காயிதம் வந்து ஆறு மாசமாச்சு. ஊரெல்லாம் சொல்லுதாவ. நீங்களும் சொல்லிருங்க. அங்கன வேற ஒருத்தியக் கட்டிட்டாவளா?"

வழியெல்லாம் நான் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் அந்தக் கேள்வியில் சிதறிப்போயின. "அதெல்லாம் இல்லம்மா. ஒரு விபத்து. இடது காலை எடுத்துட்டாங்க. உசிருக்கு ஒண்ணுமில்லை" என்று போட்டு உடைத்தேன்.

விக்டோரியா என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். மணலில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கடலைப் பார்த்தபடி நின்றேன்.

"காலுதான் போச்சா? நான் ஆளே போயிட்டாவன்னுல்லா நெனச்சேன்!"

வீட்டுக்குள் கூப்பிட்டுக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். கணவர் வர மறுப்பதைச் சொன்னேன். "வெக்கமா? எங்கிட்டயா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானே போயிக் கூட்டியாரேன். என்ன செய்யணும்?"

முதலில் பாஸ்போர்ட். அப்புறம் விசா, அதற்கு அங்கே குடியிருக்க அனுமதியுள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவருடைய கணவருக்கே அந்த அனுமதி இல்லை. இதைச் சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே அலுவலக ஜன்னலில் கேட்கும் குரல்போல இருந்தது.

"கட்டுன புருசனப் பாக்கவும் அந்த ராசாகிட்ட உத்தரவு வாங்கணுமோ?"

"வாங்கணும்மா."

காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு, "அப்ப நான் என்ன சொல்லிவிட? நீங்க பாத்ததை அப்பிடியே சொல்லுங்க, போதும்" என்றார்.

பிற்பகல் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இந்தக் கரைக்காரர்கள் காற்றையும் நீரோட்டத்தையும் மட்டும் கேட்டுக்கொண்டு கடல் தாண்டிய காலம் ஒன்று இருந்திருக்கும். இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் படுத்திருக்கிறார், இந்தப் பக்கம் ஒருவர் காத்திருக்கிறார். நடுவில் எங்கள் முத்திரைகள். அந்த முத்திரை குத்துகிறவர்களில் நானும் ஒருவன்.

விடுப்பு முடிந்து திரும்பிய அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கெடு முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. சூசை என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "என்ன சொன்னா?"

"மொதல்ல சிரிச்சாங்க."

"சிரிச்சாளா? கால் போச்சுன்னு சொன்ன பொறவா?" கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"நீங்க இங்க வேற கல்யாணம் பண்ணிட்டீங்கன்னு நெனச்சிருந்தாங்க. காலுதான் போச்சுன்னு தெரிஞ்சதும் சிரிப்பு. அப்புறம் அழுகை."

வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்தது, முகம் சிவந்துவிட்டது.

"என்னயவா அப்பிடி நெனச்சா? இருவது வருசம் குடும்பம் நடத்துனவ! அந்தப் பேப்பர இங்கன குடுங்க சார். இத நேர்ல போயிக் கேக்காம விடமாட்டேன்."

அடுத்த வாரம் பம்பாய் விமானத்தில் ஏற்றிவிட்டேன். ஊன்றுகோல் இன்னும் பழகவில்லை. ஆனாலும் வரிசையில் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றார். எத்தனையோ பேரை ஊருக்கு வழியனுப்பியிருக்கிறேன். பெண்டாட்டியோடு சண்டை போடுவதற்காக அவ்வளவு அவசரமாகப் போனவர் அவர் ஒருவர்தான்.