மூன்று தளத்திலும் ‘ஆண்கள்’

பல்கலைக்கழகத்தின் கட்டிட அலுவலகத்தில் அவள் டிரேசர். இன்ஜினியர்கள் பென்சிலில் போட்டுத் தரும் வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, மையில் பிசகாமல் படியெடுப்பது வேலை. கோடு போடும்போது கை நடுங்கவே நடுங்காது. அதனால் எல்லோருக்கும் அவள் கோட்டம்மா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

இன்ஜினியரிங் துறைக்குப் புதுக் கட்டிடம் என்று முடிவானபோது, வரைபடம் அவள் மேஜைக்கு வந்தது. மூன்று தளம், பதினாறு வகுப்பறை, இயந்திரக் கூடம், படிக்கட்டை ஒட்டித் தளத்துக்கு ஒரு கழிப்பறை. மூன்றிலும் ‘ஆண்கள்’ என்றே எழுதியிருந்தது. கைமறதியாக இருக்கும் என்று தலைமை இன்ஜினியரிடம் கொண்டுபோனாள்.

“சார், லேடீஸுக்கு எங்கன்னு போடலையே?”

“இன்ஜினியரிங் படிக்க எந்தப் பொண்ணும்மா வரப்போகுது? இருக்கறத அப்படியே போடு.”

ஆபீசே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள். பிறகு தன் கையாலேயே ‘ஆண்கள்’ என்று மூன்று தடவை முத்து முத்தாக எழுதிக் கொடுத்தாள்.

கட்டிடம் திறந்த வருஷமே அவளை அங்கே மாற்றிவிட்டார்கள். தரைத்தளத்தில் வரைபட அறை அவள் பொறுப்பு. பெண்களுக்கான கழிப்பறை நூலகத்தில் இருந்தது. போய் வரக் கால் மணி நேரம். காலையில் ஒரு வாய் காபியோடு சரி, வீடு திரும்பும்வரை தண்ணீரைத் தொட மாட்டாள். மகள் வயிற்றில் இருந்தபோது அந்தச் சாமர்த்தியமும் பலிக்கவில்லை. அடிக்கடி இருக்கையில் ஆள் இல்லையே என்று துறைத் தலைவர் கேட்டார்.  அன்றே அவள் வீட்டுக்கு வந்து, அந்தக் கட்டிடத்திலேயே பெண்களுக்கும் ஒரு கழிப்பறை வேண்டும் என்று மனு எழுதினாள். மனு ஒவ்வொரு மேஜையாக உட்கார்ந்து எழுந்து வருவதற்குள் குழந்தை பிறந்து தவழ ஆரம்பித்துவிட்டது. ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் மாற்றம் செய்ய இயலாது என்று பதில். ஆதாரமாக, அவள் படியெடுத்த தாளின் நகலையே இணைத்திருந்தார்கள்.

கட்டிடம் திறந்த ஒன்பதாவது வருஷம் நான்கு பெண்கள் படிக்க வந்தார்கள். அவர்களுக்கு நூலகத்துக்குக் குறுக்கு வழி காட்டியது கோட்டம்மா. வகுப்புக்குப் பிந்தி வந்தார்கள் என்று அடிக்கடி வெளியே நின்றதும் அந்த நால்வர்தான். அவர்களில் கணக்கில் புலியான ஒருத்தி இரண்டாம் வருஷம் பெட்டியைக் கட்டிவிட்டாள். பாடம் கடினம் என்று பதிவேட்டில் எழுதினார்கள். பாடமா கடினம்? மாதத்தில் அந்த மூன்று நாள் இங்கே எப்படி இருப்பது என்று அந்தப் பெண் அழுதது கோட்டம்மாவிடம்தான்.

அப்புறம் கோட்டம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கல். இரண்டு முறை ஆபரேஷன். தண்ணீர் குடிக்கக்கூடவா சோம்பேறித்தனம் என்று டாக்டர் கடிந்துகொண்டார். பக்கத்தில் நின்ற கணவர், நானும் சொல்லிப் பார்த்துட்டேன் டாக்டர் என்றார்.

பத்தொன்பதாவது வருஷம் ஆய்வுக் குழு ஒன்று வருவதாக இருந்தது. குழுவின் தலைவி ஒரு பெண் என்று தெரிந்ததும் கட்டிடம் தலைகீழானது. இத்தனை வருஷம் முடியாதது நான்கே நாளில் முடிந்தது: வெள்ளை டைல்ஸ், கண்ணாடி, ‘பெண்கள்’ என்று பித்தளைப் பலகை. இடத்துக்கு எங்கே போவது? வரைபட அறையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவள் மேஜை படிக்கட்டுக்கு அடியில் போனது. குழு போனதும் கழிப்பறைக்குப் பூட்டு விழுந்தது, விருந்தினருக்கு மட்டுமாம். சாவி வேண்டுமென்றால் குமாஸ்தாவிடம் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போகும் நேரம், வரும் நேரம் உள்பட. ஒரு தடவை போட்டாள். பிறகு பழையபடி நூலகத்துக்கே நடந்தாள்.

ஓய்வு பெற்று வெகு நாள் கழித்து, கட்டிடத்தின் பொன்விழா மலருக்காக ஒரு இளம் பேராசிரியர் வீடு தேடி வந்தார். அவள் எதையும் மறைக்கவில்லை. இரண்டு மணி நேரம் சொன்னாள்; அவரும் தலையாட்டி எழுதிக்கொண்டார். மலர் வந்தது. மகள் பக்கத்தைப் புரட்டி உரக்கப் படித்தாள்: தொடக்கம் முதலே பெண்களை அரவணைத்த கட்டிடம் இது; ‘எனக்கு இது இரண்டாவது வீடு’ என்கிறார் கோட்டம்மா.

“நீ இப்படிச் சொன்னியாம்மா?”

“இல்லடி.”

“நல்லதாத்தானே போட்டிருக்காங்க, விடேன்” என்றார் கணவர்.

அவள் விடவில்லை. நடந்தது அத்தனையும் நான்கு பக்கத்துக்கு எழுதிப் பதிவாளருக்கு அனுப்பினாள். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. மலரைப் பாராட்டிக் கடிதம் எழுதியதற்கு நன்றி என்றிருந்தது. கீழே இருந்த கையெழுத்துகூட அச்சுதான்.