லாசால் பாபிக்யூ கடைப் புகை

மச்சான், நான் பயந்தாங்கொள்ளி இல்லை. ஆனா இஞ்ச வெளிநாட்டில, லாசால் எண்ட ஊரில, அந்த டெக்சாஸ் பாபிக்யூ கடை வாசல்ல காரால இறங்கின உடன கால் அப்பிடியே நிண்டுபோச்சு. புகைபோக்கியால வெள்ளைப் புகை நேரா மேல போகுது. ஒரே விறகு மணம்.

"என்னடா, வா, பசிக்குது" எண்டான் கூட வந்த சிநேகிதன் மதன்.

யாழ்ப்பாணத்தில சண்டை நடக்கேக்க எனக்கு ஆறு வயசு. புகையைக் கண்டா ஆமிக்காரர் ஹெலிகொப்டரில வந்து சுடுவாங்கள் எண்டு அம்மா விடியக் கருக்கலிலேயே சமைச்சு முடிச்சிடுவா. அண்டைக்கு விறகு ஈரம், சோறு பிந்திப்போச்சு. திடீரெண்டு ஹெலிச் சத்தம்.

"இஞ்சேரப்பா, அடுப்பை அணையும்!" எண்டு அப்பா கத்தினார். அம்மா பதறிப்போய்க் குடத்துத் தண்ணியை அப்பிடியே ஊத்திப்போட்டா. புஸ்ஸெண்டு புகை இன்னும் பெரிசாக் கூரைக்கு மேல எழும்பிச்சுது.

"ஐயோ, நானே காட்டிக் குடுத்திட்டனே!" எண்டு அம்மா குழறினா.

ஓடிப்போய்ப் பதுங்கின பங்கருக்குள்ள அவ என்ர வாயைப் பொத்தினா. கை முழுக்கச் சாம்பல். ஹெலி எங்கட வீட்டுக்கு மேலயே சுத்துது, சுத்துது. பேந்து கடல் பக்கம் போயிட்டுது. அம்மா கையை எடுக்கவே இல்லை.

கடையில கதவுக்குக் கிட்ட மேசை கேட்டன்.

"சொல்லி வேலையில்லாத ருசி மச்சான், சாப்பிடு!" எண்டு மதன் விலா எலும்பைக் கடிக்கிறான்.

நானும் கடிச்சன். ருசி தெரியேல்லை. காது முழுக்கக் கூரைக்கு மேலதான்.